கசிவுத் தொட்டியின் மண்

மூன்று நாள் மழை விட்ட காலையில், அணையின் அடிவாரத்தில் இருந்த கசிவுத் தொட்டிக்குள் குனிந்து பார்த்தபோது அளவுக்காரருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நேற்று ஒன்பது சென்டிமீட்டர், இன்று ஆறரை. மேலே ஏரி தளும்பிக்கொண்டு நிற்கிறது. கீழே கசிவு குறைந்திருக்கிறது. இதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்?

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியாத அணையைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நகராட்சி தன் சொந்தச் செலவில் கட்டிக்கொண்ட அணை அது. பதின்மூன்று மீட்டர் உயரம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் நாலு நிமிஷம். நடுவில் ஆள் உயர அகலத்துக்குக் களிமண் சுவர் வைத்து, இருபுறமும் சாதாரண மண்ணைக் கொட்டி, மேலே புல் வளர்த்திருந்தார்கள். ஏரிக்குள் ஒரு மதகுக் கோபுரம் நின்றது. கரையிலிருந்து அதற்கு ஒரு ஒற்றையடி இரும்புப் பாலம். கோபுரத்து உச்சியில் ஒரு சின்ன அறை, அதற்குள் தேர்ச் சக்கரம் போல ஒரு சக்கரம். அதைச் சுற்றினால் அடியில் மதகு திறக்கும். அணைக்குள் ஊறி வருகிற தண்ணீரெல்லாம் அடிவாரத்துச் சிமென்ட் தொட்டியில் வந்து சேர்ந்து, அதன் வாயில் பொருத்திய தகட்டில் இருக்கிற வெட்டின் வழியாக வழிந்து போகும். வெட்டில் எவ்வளவு உயரம் நிற்கிறதென்று தினமும் அளந்து எழுதுவதுதான் அவருடைய வேலை. பக்கத்துக் கட்டத்தில் தண்ணீர் தெளிவா, கலங்கலா என்றும் எழுத வேண்டும்.

நகரத்துக்கு வேறு இடத்திலிருந்து பெரிய குழாய் வந்த பிறகு இந்த அணை யார் பிள்ளையும் இல்லை என்றாகிவிட்டது. புல்லை வெட்டுவது பூங்காத்துறை, சக்கரம் குடிநீர்த்துறைக்கு, ஆய்வு பொறியியல்துறைக்கு. அளவுக்காரர் எந்தத் துறை என்று சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய அதிகாரி வந்து, தொட்டியில் வண்டல் கிடப்பதைப் பார்த்து, பத்துப் பேர் நடுவில் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அளவெடுப்பதற்கு முன்னால் தொட்டியைச் சுத்தம் செய்துவிடுவது பழக்கமாகிவிட்டது. அடியில் படிந்த மண்ணை வழித்து வாளியில் போடுவார். பிரஷ் வைத்துத் தேய்ப்பார். கலங்கின தண்ணீர் போய்த் தெளிகிற வரைக்கும் திண்டில் உட்கார்ந்திருப்பார். தெளிந்ததும் அளந்து, "தெளிவு" என்று எழுதுவார். எழுதுகிற நேரத்தில் தெளிவாகத்தான் இருந்தது. அதனால் அதைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. ஆறு வருஷம்.

அன்றும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் மண்ணில் புதைந்தது.

நேற்றுக் காலைதான் வழித்திருந்தார். ஒரு வாரம் விட்டாலும் இரண்டு விரல் கனத்துக்கு மேல் படியாது. கையை எடுத்துப் பார்த்தார். மஞ்சளாக, நெய் மாதிரி விரலில் ஒட்டியிருந்தது.

அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. வாளியைக் கொண்டுவந்து, வழித்து, தேய்த்து, திண்டில் உட்கார்ந்துகொண்டார். தெளியட்டும். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்தாயிற்று. தகட்டு வெட்டில் பால் கலந்த டீ நிறத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தபோதுதான் அவர் திண்டிலிருந்து எழுந்தார்.

"என்ன மாப்ளே, தொட்டியைப் பார்த்துத் தவம் பண்றே? தங்கச்சி திட்டி அனுப்பிட்டாளா?"

மச்சான் வந்துகொண்டிருந்தார். மனைவியின் அண்ணன். மதகைத் திறந்து மூடுகிற வேலை அவருக்கு. கல்யாணம் செய்துகொள்ளாமல், தங்கை வீட்டிலேயே சாப்பிட்டு, தங்கை புருஷனை வம்புக்கு இழுத்தே நாற்பத்தெட்டு வயதைத் தாண்டியவர். அணைக்குக் கீழே இருந்த தெருவில் நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்திரண்டு வீட்டிலும் அவருக்குச் 'சக்கரம்' என்றுதான் பேர்.

"மச்சான், தண்ணி தெளிய மாட்டேங்குது."

"தெளியலேன்னா வடிகட்டிக் குடி."

"விளையாடாதீங்க. அளவு குறைஞ்சிருக்கு, மண்ணு கூடியிருக்கு. இங்க வர வேண்டிய தண்ணி வேற எங்கயோ போகுது."

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். பிறகு அடிவாரத்தை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். அளவுக்காரர் பின்னாலேயே போனார். அறுபது தப்படி போயிருப்பார்கள். மதகுக் குழாய் அணையைத் துளைத்து வெளியே வருகிற இடத்துக்குப் பக்கத்தில் புல்லுக்கு நடுவே தரை கொதித்துக்கொண்டிருந்தது. உலைப்பானை மாதிரி தளதளவென்று மஞ்சள் தண்ணீர். சுற்றிலும் எறும்புப் புற்றுப் போல மண் வளையமாகக் குவிந்திருந்தது.

"எப்பேர்ந்து?" என்றார் மச்சான்.

"நேத்து இல்லை."

"நேத்து இந்தப் பக்கம் வந்தியா?"

அளவுக்காரர் போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார்.

பொறியாளர் அம்மாள் பொறியியல்துறைக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பொறுமையாகக் கேட்டார். பிறகு ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் வந்தது.

"நீங்க அனுப்பின அளவெல்லாம் என் முன்னாடிதான் இருக்கு. நேத்து வரைக்கும் தெளிவுன்னுதானே போட்டிருக்கு? ஒரு நாள் கூடக் கலங்கல்னு இல்லையே. மழைத்தண்ணி மேலேர்ந்து வழிஞ்சு தொட்டியில விழுந்திருக்கும். நான் மத்தியானம் வந்து பார்க்கறேன். இதை வெச்சு ஒரு தெருவையே காலி பண்ணுங்கன்னு நான் சொல்ல முடியாது."

"மேடம்…" மச்சான் பக்கத்திலேயே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் பொய் மேடம்."

"எது?"

"தெளிவுன்னு எழுதினது. தினமும் மண்ணு வரும். வழிச்சுக் கொட்டிட்டு, தேய்ச்சிட்டு, தெளிஞ்சதுக்கப்புறம் எழுதுவேன். ஆறு வருஷமா."

மறுமுனையில் குரல் மாறியிருந்தது.

"எவ்வளவு மண்ணு?"

"வாரம் அரை வாளி. மழைக்காலத்துல ஒண்ணு, ஒண்ணரை."

"என்ன நிறம்?"

"மஞ்சள். பிசுபிசுன்னு இருக்கும்."

"அது கரை மண்ணு இல்ல. நடுச்சுவர்." பொறியாளர் அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. "மதகை முழுசாத் திறங்க. தண்ணி எவ்வளவு இறங்குதோ அவ்வளவு நேரம் கிடைக்கும். தெருவை உடனே காலி பண்ணுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. போலீசுக்கும் தீயணைப்புக்கும் நான் சொல்றேன். ஆனா ரோட்டுப் பாலத்து மேல தண்ணி ஓடுது, அவங்க சுத்தி வர முக்கால் மணி ஆகும். அது வரைக்கும் நீங்கதான்."

மதகு முழுசாகத் திறக்க நூற்றெண்பது சுற்று. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை முழுசாகத் திறந்ததில் அந்தத் தெருவில் இருந்த லாண்டரிக்காரரின் கொல்லை மிதந்து, அவர் மனு மேல் மனு போட்டு, அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை இருபது சுற்றோடு சரி. அதற்கு மேல் மதகைத் தூக்கும் திருகுத் தண்டு எந்த நிலையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"ரெண்டு பேருமாச் சுத்தலாம் மச்சான்."

"அந்த ரூம்ல உன் தொப்பைக்கும் என் தொப்பைக்கும் இடம் பத்தாது. சக்கரம் என்னோடது, தெரு உன்னோடது. போ." மச்சான் போனை எடுத்து அவருக்கு அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "வெக்காதே, அப்படியே இருக்கட்டும். நான் சுத்தை எண்ணறேன், நீ வீட்டை எண்ணு. கடைசி ஆளும் வெளிய வந்ததும் ஒரு வார்த்தை சொல்லு. நான் இறங்கிடறேன்."

"சொல்றேன்."

"சொல்லிட்டு நிக்காதே. ஓடு."

ஐம்பத்தோரு வயதில் அளவுக்காரர் ஓடினார். காதோரத்தில் போன். அதற்குள்ளிருந்து இரும்பு முனகுகிற சத்தமும், "ஒண்ணு… ரெண்டு…" என்று மச்சானின் குரலும் வந்தன.

தெருவுக்குள் நுழைந்து கத்தினார். ஜன்னல்கள் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை. மழை விட்டு வெயில் அடிக்கிறது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. இப்போது போய் வெள்ளமா? லாண்டரிக்காரர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன, மறுபடியும் மதகைத் திறக்கறீங்களா? அதுக்கு இப்படி ஒரு நாடகமா? போன தடவை நூத்துப் பத்து பெட்ஷீட் போச்சு எனக்கு. யார்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க?"

"அண்ணே, அணை உடையப் போகுது."

"உடையப் போற அணையைத்தான் தினமும் காலையில போய்க் கழுவி விட்டுட்டு வரீங்களா?"

இரண்டு மூன்று ஜன்னல்களில் சிரிப்புக் கேட்டது. அளவுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சமயத்தில்தான் லாண்டரிக்காரரின் வாசல் படியில் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகள் கண்ணில் பட்டன. அளவுக்காரர் கொடுத்த மண். வாளி வாளியாக வழித்த மஞ்சள் மண்ணைக் கொட்ட இடமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததில், ஈரம் காக்கிற மண் என்று மனைவி சொல்லி, அக்கம்பக்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கி, தெருவில் பாதி வீட்டுச் செடி அந்த மண்ணில்தான் நின்றது.

ஒரு தொட்டியைத் தூக்கி நடுத்தெருவில் போட்டார். உடைந்து சிதறியது.

"ஏய்!" என்றார் லாண்டரிக்காரர்.

"இது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியுமா? அணைக்கு நடுவுல தண்ணியை நிறுத்தற சுவரு. அதுலேர்ந்து வந்தது. ஆறு வருஷமாக் கரைஞ்சு வந்திருக்கு, எனக்குத் தெரியலை, நான் வாளியில எடுத்து உங்களுக்கெல்லாம் குடுத்திருக்கேன். ஒவ்வொரு வீட்டுலயும் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. இவ்வளவும் இப்ப அங்க இல்லை!"

சிரிப்பு நின்றது.

மனைவி ஈரக் கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உடைந்த தொட்டியைப் பார்த்தாள். அணைப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணன் எங்கே?"

"மேலே. மதகுல."

"கூப்பிடுங்க."

"தெரு காலியானதும் இறங்கிடறேன்னு சொல்லியிருக்கார்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர் வீட்டுக்குள் புகுந்தாள். அப்படி ஓர் ஆவேசத்தோடு அவளை அளவுக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை. சீப்பைத் தேடினவளின் கையைப் பிடித்து இழுத்தாள். பீரோவைப் பூட்ட நின்றவரிடமிருந்து சாவியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பாயோடு தூக்க நாலு பேரை அவளே நிறுத்தினாள். ஒவ்வொரு வீட்டையும் காலி செய்துவிட்டு வெளியே வரும்போது அவளுடைய உதடு எண்ணுவதை அவர் பார்த்தார்.

"பதினெட்டு," என்றாள் அவரைக் கடக்கும்போது.

"தொண்ணூத்தி ஆறு," என்றது போன். மூச்சிரைத்தது. "மாப்ளே, தண்டு வளையற மாதிரி இருக்கு. ஆனா வருது. தண்ணி உங்க பக்கம் வந்திருக்குமே?"

வந்திருந்தது. வாய்க்கால் நிரம்பி லாண்டரிக் கொல்லையில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு ஜனங்களுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற படிக்கட்டில் ஒரே கூட்டம். நாற்பத்தாறு படி. குழந்தைகளை முன்னால் விட்டார்கள்.

"முப்பத்தொண்ணு."

"நூத்தி முப்பது. கை கொப்புளமாயிடுச்சு மாப்ளே. சாயங்காலம் நீதான் ஊட்டி விடணும்."

"போதும் மச்சான், இறங்கிடுங்க."

"தெரு காலியா?"

"இன்னும் பதினோரு வீடு."

"அப்ப ஏன் போதுங்கறே?"

கடைசி வீட்டிலிருந்து தையல்கார அம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மனைவி வந்தாள். நாற்பத்திரண்டு. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், முடிந்தது என்று. படியேறிக்கொண்டே திரும்பித் திரும்பி அவரைப் பார்த்து, சொல்லுங்க, சொல்லுங்க என்று கையாட்டினாள்.

அவர் போனை வாய்க்கருகில் கொண்டுபோனார். அந்த நேரத்தில் படிக்கட்டில் பாதி ஏறியிருந்த லாண்டரிக்காரர் தலையில் கை வைத்து, "ஐயோ, பாய்லர்!" என்றார்.

"என்ன?"

"அணைக்கலை. அப்படியே விட்டா வெடிச்சிடும். பக்கத்து வீடெல்லாம் போயிடும்."

இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கப் போகிற வீடுகள். இருபத்தைந்து வருஷமாகப் பாய்லரை அணைக்காமல் வாசல் தாண்டாத மனுஷன். யார் கையிலும் அகப்படாமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு கீழே ஓடிவிட்டார்.

"ஆச்சா மாப்ளே?" என்றது போன்.

அளவுக்காரர் அணையைப் பார்த்தார். நேர்கோடாக இருந்த மேல் விளிம்பு, மதகுக் கோபுரத்துக்கு எதிரே, பழைய கட்டில் கயிறு தொய்ந்த மாதிரி ஒரு சாண் இறங்கியிருந்தது. காலையில் அப்படி இல்லை. புல்வெளியில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

"மாப்ளே? கேட்குதா? எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"லாண்டரிக்காரர் திரும்ப உள்ள போயிட்டார்," என்றார்.

"அவனா! பெட்ஷீட்டை எண்ணவா?" மச்சான் சிரித்தார். சிரிக்கக்கூட மூச்சு இல்லை. "சரி, அவனை இழுத்துட்டு வா. நான் இன்னும் பத்துச் சுத்து சுத்தறேன். முனகிக்கிட்டே வருது, நல்லா வருது. நூத்தி அறுபத்திரண்டு…"

அளவுக்காரர் கீழே ஓடினார். முழங்கால் அளவுத் தண்ணீர். லாண்டரிக்காரர் பாய்லர் முன்னால் நின்று வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். அளவுக்காரர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "இரு, இன்னும் அரைச் சுத்து," என்றார் அவர். அளவுக்காரர் அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். தன்னைவிட மூத்தவரை அவர் வாழ்நாளில் அடித்தது அந்த ஒரு தடவைதான். லாண்டரிக்காரர் அழுதுகொண்டே கூட வந்தார்.

படிக்கட்டில் பன்னிரண்டாம் படியில் கால் வைத்தபோது, "வந்தாச்சு மச்சான், ஓடுங்க, ஓடுங்க!" என்று போனில் கத்தினார்.

"நூத்தி அறுபத்தொம்போது," என்றது போன். பிறகு சக்கரத்தின் முனகல் நின்றது. இரும்புப் பாலத்தின் மேல் செருப்புச் சத்தம் கேட்டது, ஏழெட்டுத் தப்படி. மச்சான் ஏதோ சொன்னார். என்னவென்று விளங்கவில்லை. அதற்குள் எதிரே, சத்தமே இல்லாமல், கரை உள்ளே விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தண்ணீர் தெருவைக் கடந்து போக இருபது நிமிஷம் ஆயிற்று. நாற்பத்திரண்டு வீட்டில் ஒன்பதுதான் மிஞ்சியது. தெருவில் ஒரு உயிர் போகவில்லை. மதகைத் திறந்திராவிட்டால் கரை அரை மணி முன்னாலேயே போயிருக்கும் என்றும், படிக்கட்டில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்றும் பிறகு விசாரணையில் சொன்னார்கள். அந்தக் கடைசி ஏழு சுற்றுகளால் என்ன பலன் என்று அளவுக்காரர் கேட்டார். அதைத் தனியாகக் கணக்கிட முடியாது என்றார் பொறியாளர் அம்மாள். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை.

மச்சானை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை இரண்டு குடும்பத்துக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு போர்வை தொங்கியது. அளவுக்காரர் விசாரணைக்குப் போய் ஆறு வருஷத்து மண்ணைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்தார். தினமும் காத்திருந்து எழுதியது, அன்றைக்குக் கால் மணி நேரம் திண்டில் உட்கார்ந்திருந்தது, எல்லாம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதெல்லாம் மனைவிக்கும் தெரியும். போனில் கடைசியாகப் பேசினதை மட்டும் அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. லைன் அறுந்துபோச்சு என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவள் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை.

"நான் படியில ஏறும்போது, முடிஞ்சுதுன்னு கை காட்டினேனே. அதுக்கப்புறம்தானே அண்ணன் பேசினார்?"

"ஆமா."

"என்ன கேட்டார்?"

"எல்லாரும் வெளிய வந்தாச்சான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

போர்வைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. அளவுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "லாண்டரிக்காரர் உள்ள போயிட்டார்னு சொன்னேன்."

அவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணனுடையது இல்லை, அண்ணனுடைய துணி எதுவும் மிஞ்சவில்லை. யாரோ கொடுத்த சட்டை.

"ஆறு வருஷமாத் தெளிவு, தெளிவுன்னு எழுதினீங்களே," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அன்னைக்கு ஒரே ஒரு தடவை, ஆச்சுன்னு சொல்ல வரலையா உங்களுக்கு?"

அவருக்கு நிறையப் பதில் இருந்தது. ஒன்பது நாளாக அவற்றையெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தார். லாண்டரிக்காரரும் ஒரு உயிர்தான் என்பது ஒன்று. பொய் சொல்லியிருந்தால் மச்சானே பின்னால் மன்னித்திருக்க மாட்டார் என்பது ஒன்று.

"வரலை," என்றார்.

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது அறை இருட்டியிருந்தது. விளக்கைப் போடவில்லை. சுவரோரமாக அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், நடுவில் ஒரு கை இடம் விட்டு. அவர் அந்த இடத்தைத் தாண்டிக் கையை நீட்டவில்லை. அவளும் தள்ளி உட்காரவில்லை.